அகதியும் நடிகனும்: அல்லைப்பிட்டி அந்தோனிதாசனின் திரைநடிப்புப் பற்றிச் சில குறிப்புகள்

நடிகரின் வாழ்க்கை பற்றித் தமிழில் எழுதப்படுவன பெரும்பாலும் இரு வகையின. ஒன்று புகழுரை, மற்றையது வம்பு. நடிப்பை ஓர் உழைப்பாகக் கொண்டு, அவ்வுழைப்பு எத்தகைய சமூக உறவுகளினூடே உருவாகின்றது, எங்ஙனம் மதிப்பிடப்படுகின்றது என ஆராயும் முயற்சிகள் நம்மிடையே அருமையாகவே உள்ளன. யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்து, பிரெஞ்சுத் திரைப்படமொன்றில் தலைமைப் பாத்திரம் ஏற்று நடித்த அந்தோனிதாசன் யேசுதாசன் இத்தகைய ஆய்வினை வேண்டி நிற்பவர். எழுத்துலகம் அவரை ஷோபாசக்தி என்னும் பெயரால் அறியும்.

2015 மே மாதம் கான் திரைப்பட விழாவில் ஜாக் ஓடியாரின் 'தீபன்' தங்கப் பனை விருதைப் பெற்றது. அதன் பின்னர் அந்தோனிதாசன் பற்றிப் பேசியோருட் பலர், முன்னாட் போராளியும் அகதியுமான ஒருவர் தம் வாழ்வையே திரையிலும் வாழ்ந்து காட்டினார் என்ற பொருளிலேயே அவரைப் பாராட்டினர். இப்பாராட்டு மேலோட்டமாக நோக்குமிடத்துப் பெருமை தருவது. ஆயின் அதனுள்ளே ஒரு மறுப்பும் உறைந்துள்ளது. வாழ்ந்து காட்டியவர் நடிக்கவில்லை என்பது அதன் மறைபொருள். கலைஞரின் உழைப்பை அநுபவம் என்னும் மூலப்பொருளாகக் குறுக்கிவிடும் இந்நோக்கினை நாம் ஏற்பதற்கில்லை.

அவரது நடிப்பின் தோற்றுவாயை விளங்கிக்கொள்ளத் தீவகத்தின் பொருளியல் அடித்தளத்தினை முதலில் நோக்குதல் வேண்டும். யாழ் நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்தால் முதலில் எதிர்ப்படும் ஊர்களுள் ஒன்று அல்லைப்பிட்டி. அதே வழி மண்கும்பான், வேலணை எனத் தொடர்ந்து, புங்குடுதீவின் இறுப்பிட்டி முதலிய ஊர்களை நோக்கிச் செல்லும். உவர்நிலமும் பனையும் கடலுமே இவ்வூர்களின் முதன்மையான உற்பத்திச் சாதனங்கள். நன்னீரும் நன்செய்யும் அருகிய நிலையில், இம்மக்கள் கொழும்பிலும் பிற தென்பகுதி நகரங்களிலும் கடைச் சிப்பந்திகளாகவும் சிறு வணிகராகவும் நெடுங்காலம் பிழைத்து வந்தனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்செயல்கள் அவ்வழியை மீண்டும் மீண்டும் அடைத்தன. 1990 ஆகஸ்டு மாத இராணுவ நடவடிக்கையின்போது அல்லைப்பிட்டியிலும் மண்டைதீவிலும் இளைஞர் பலர் பிடிக்கப்பட்டுக் காணாமற்போயினர். இறுப்பிட்டி முதல் அல்லைப்பிட்டிவரை எஞ்சியோர் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். புலம்பெயர்வு என்பது தீவக மக்களுக்குத் தனிமனித விருப்பினால் நேர்ந்ததன்று. வரலாறு அவர்கள்மீது சுமத்தியது.

1967 இல் பிறந்த அந்தோனிதாசன் பதின்பருவத்திலேயே தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்து, 1980களின் நடுப்பகுதியில் அதனின்றும் விலகியவர். தாய்லாந்தில் சில ஆண்டுகள் கழித்து, 1993 இல் பிரான்சை அடைந்தார். பாரிஸ் நகரில் உணவகங்களிற் கோப்பை கழுவுதல், சமையல், பேரங்காடியிற் பொருள் அடுக்குதல் முதலிய தொழில்களைச் செய்தார். நான்காம் அகில மரபைச் சார்ந்த இடதுசாரிக் குழுவொன்றில் சில காலம் இயங்கினார். 'கொரில்லா' (2001), 'ம்' (2004), 'பொக்ஸ் கதைப் புத்தகம்' (2015), 'இச்சா' (2019) ஆகிய நாவல்கள் இவ்வாழ்நிலையிலிருந்து எழுந்தவை.

நடிப்பு அவருக்குத் திரைப்படத்துடன் வந்ததன்று என்பது இங்கு வற்புறுத்தற்பாலது. இளமையிலே கூத்துடனும், இயக்கக் காலத்தில் வீதி நாடகத்துடனும் அவருக்குத் தொடர்பிருந்தது. வட இலங்கையின் கரையோரக் கத்தோலிக்க ஊர்கள் நாட்டுக்கூத்து மரபினைப் பேணி வந்தவை. கூத்தன் பாத்திரத்தினுள் முற்றாகக் கரைந்துவிடுவதில்லை. அரசனாக வரவு சொல்லி ஆடும்போதும் அவன் இன்னாரின் மகன் என்பதனைச் சபையோர் அறிவர், அவ்வறிவுடனேயே சுவைப்பர். பிறெக்ற் தமது அரங்கிற்குக் கோட்பாடாக வகுத்துக்கொண்ட விலகல் இம்மரபில் நடைமுறையாகவே அமைந்துள்ளது. ஆடுபவன் வேறு, ஆடப்படுபவன் வேறு என்னும் தெளிவில் ஊறிய ஒருவரை நோக்கி 'நீர் நீராகவே இருந்தீர்' எனப் பாராட்டுவது அவரது மரபை அறியாமையேயாகும்.

அகதி வாழ்வும் ஒரு வகையில் நடிப்பைக் கற்பிப்பதே. 'கொரில்லா' நாவல் பிரெஞ்சு அரசுக்கு எழுதப்படும் புகலிட விண்ணப்பத்துடன் தொடங்குவது தற்செயலன்று. விண்ணப்பதாரி தன் வாழ்வை அதிகாரியொருவர் நம்பத்தக்க கதையாக ஒழுங்குபடுத்த வேண்டியவன். உண்மை மட்டும் போதாது. அது உண்மைபோலத் தோன்றவும் வேண்டும். எழுத்தாளர் அந்தோனிதாசன் இம்முரண்பாட்டினைப் 'தீபன்' திரைப்படத்திற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே இலக்கியமாக்கியவர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அத்திரைப்படத்தின் கருவும் இதுவே. போரின் இறுதியிலே தன் சீருடையை எரித்துவிடும் சிவதாசன் என்னும் போராளி, இறந்துபோன ஒருவனின் கடவுச்சீட்டினால் தீபன் ஆகின்றான். அறிமுகமற்ற பெண்ணொருத்தி மனைவியாகவும், தாயற்ற சிறுமியொருத்தி மகளாகவும் அவனுடன் சேர்கின்றனர். ஆகவே நடிகர் இங்கு ஏற்பது ஒரு பாத்திரத்தையன்று. இன்னொருவனாக நடிக்கும் ஒருவனின் பாத்திரத்தை. புகலிட விசாரணைக் காட்சியில் அதிகாரிக்குக் காட்டும் முகமும், தமிழ் மொழிபெயர்ப்பாளருக்குக் காட்டும் முகமும் வேறுபடுகின்றன. பிரெஞ்சுக்காரரின் பகிடியிற் சொற்கள் விளங்கினும் சிரிப்பு வருவதில்லை என அவன் கூற, தமிழிலும் உனக்கு நகைச்சுவை இல்லை என யாழினி கூறும் இடத்தில் ஒரு கணம் முகம் இளகிப் பின் அடங்குகின்றது. மதுவெறியிலே பழைய போர்ப்பாட்டினைத் தனித்துப் பாடும் காட்சியில், அடக்கப்பட்ட சிவதாசன் தீபனின் உடலைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றான். இவ்வடுக்குகளைப் பிரித்தும் பொருத்தியும் காட்டுவது பயிற்சியின் பேறு. பட்ட துயரின் தன்னிச்சையான வெளிப்பாடன்று. படத்தில் ஏறத்தாழ அரைவாசி தமது வாழ்வே என அவர் செவ்விகளிற் கூறியதுண்டு. எஞ்சிய அரைவாசியைப் பற்றி விமர்சகர் கேட்டிருக்க வேண்டும்.

இவ்விடத்து ஓர் ஒப்பீடு பயன் தரும். அதே 2015 கான் விழாவிற் சிறந்த நடிகர் விருதினைப் பெற்றவர் வின்சன் லிந்தோன். ஸ்தெபான் பிறிசேயின் 'சந்தையின் சட்டம்' என்னும் படத்தில் வேலையிழந்து, பின் பேரங்காடிக் காவலராகும் தொழிலாளியாக அவர் நடித்திருந்தார். 2016 இல் பிரான்சின் சேசார் விருதுக்கு அந்தோனிதாசனும் சிறந்த நடிகராகப் பரிந்துரைக்கப்பட்டார். விருது லிந்தோனுக்கே சென்றது. லிந்தோனின் திறமையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயின் தொழில்முறை நடிகர் தொழிலாளியாக வரும்போது அது கலைச் சாதனை. பேரங்காடியிற் பொருள் அடுக்கிய தொழிலாளி பாத்திரமொன்றை ஏற்கும்போது அது வாழ்க்கைச் சான்று. இவ்விரட்டை அளவுகோல் அழகியல் சார்ந்ததன்று. அது வர்க்கம் சார்ந்தது, குடியேற்றவாத எச்சம் சார்ந்தது.

படத்தின் இறுதிப் பகுதி இதே கருத்தியலின் இன்னொரு வடிவம். குடியிருப்பின் காவலாளியான தீபன், கட்டடங்களுக்கிடையே வெள்ளைக் கோடு வரைந்து சூடற்ற வலயம் என அறிவிக்குமிடம் ஆழமானது. முள்ளிவாய்க்காலில் பொருளிழந்துபோன அச்சொல், ஐரோப்பியப் புறநகரில் மீண்டும் உயிர்பெற முயல்கின்றது. ஆனால் இயக்குநர் அம்முரண்பாட்டினை வளர்த்தெடுக்கவில்லை. தீபன் வாளும் துப்பாக்கியும் கொண்ட தனிவீரனாகிக் குற்றக் கும்பலை அழிக்கின்றான். பின்னர் இங்கிலாந்தில் ஒளிமயமான இல்வாழ்வு காட்டப்படுகின்றது. புறநகரின் வறிய மக்களுள் அகதித் தொழிலாளிக்குத் தோழர் எவரும் இலர் என்பது யதார்த்தமன்று. சண்டைப்படச் சந்தையின் தேவை. இங்கும் அந்தோனிதாசனின் முகத்திற் காணப்படுவது வெற்றியன்று, சோர்வே. கதை பொய்க்கும் இடத்தில் நடிப்பு பொய்க்கவில்லை.

ஓடியாரின் படத்துடன் அவரது திரைப்பணியை அடக்கிவிடலாகாது. லீனா மணிமேகலையின் 'செங்கடல்' படத்தில் எழுத்திலும் நடிப்பிலும் அவர் பங்குகொண்டார். தனுஷ்கோடி மீனவரும் ஈழ அகதிகளும் எதிர்கொள்ளும் கொடுமையைக் கூறும் அப்படத்திற்கு இந்தியத் தணிக்கைக் குழு முதலில் அனுமதி மறுத்தது. 2011 இல் மேன்முறையீட்டின் பின்னரே சான்றிதழ் கிடைத்தது. லெனின் எம். சிவத்தின் 'ரூபா' (2017) படத்தில், திருநங்கையொருத்தியைக் காதலிக்கும் குடும்பத் தலைவனாக நடித்தார். போராளி வாழ்வுடன் எவ்விதத் தொடர்புமற்ற இப்பாத்திரம், அவர் தம்மையே நடிப்பவர் என்னும் கூற்றிற்கு நேரடி மறுப்பாகும்.

இயக்க அரசியல் குறித்த அவரது கடும் விமர்சனங்களால் அவரை முற்றாகப் புறக்கணிப்போரும், உலக அரங்கிற் பரிசு பெற்ற படத்தின் நாயகர் என்பதனால் மட்டும் கொண்டாடுவோரும் நம்மிடையே உளர். இரு சாராரும் நடிப்பைப் பார்க்கவில்லை. தீவகத்திலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் உலகின் சமையலறைகளிலும் கட்டடக் காவலறைகளிலும் ஆற்றும் உழைப்பு கண்ணிற்படாததாகவே வைக்கப்பட்டுள்ளது. அவ்வுழைப்பாளருள் ஒருவரின் கலையையும் 'இயல்பு' எனக் கூறி மறைத்துவிடுவது அதே மறைப்பின் தொடர்ச்சியாகும். ஆதலின் அந்தோனிதாசனை நடிகர் என்று அழைப்பது வெறும் சொல்லாராய்ச்சி அன்று; உழைப்புக்கு உரிய பெயரை உழைத்தவருக்கே மீட்டளிப்பதாகும். தமிழ்த் திறனாய்வு இக்கடமையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.