மேடிசனில் ஆய்வரங்கு, மெட்ராஸில் மூலக்கதை

பெண்ணிய அறிவியல் புனைவு பற்றிய ஆய்வுகளைத் தேடிப் போனால் விஸ்கான் என்ற பெயர் கண்ணில் படாமல் இருக்காது. அமெரிக்காவின் மேடிசன் நகரில் 1977-ல் வாசகர்கள் ஆரம்பித்த மாநாடு. பேராசிரியர்கள் கட்டுரை வாசிக்கும் அமர்வும் ரசிகர்கள் கூடி விவாதிக்கும் அமர்வும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. 1991-ல் டிப்ட்ரீ விருது அங்கேதான் அறிவிக்கப்பட்டது. டிப்ட்ரீ என்பது ஆலிஸ் ஷெல்டன் வைத்துக்கொண்ட ஆண் புனைபெயர். விருதுப் பணத்துக்காக வீட்டில் செய்த பலகாரங்களைக்கூட விற்றார்கள். 2019-ல் அதர்வைஸ் விருது என்று பெயர் மாறியது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, கட்டுரை வாசிப்பவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான். அந்த நாவலை நாலு தடவை படித்தவர். நாலு கோட்பாட்டாளர் பெயரைச் சொல்லி அவரிடம் ஒப்பேற்ற முடியாது. எங்கள் மென்பொருள் வேலையிலும் அப்படித்தான்: எழுதினவரே சோதித்து 'ஓகே' போட்டால் செல்லாது, பயன்படுத்துறவர் தட்டிப் பார்க்கணும். நம்ம பக்கத்துக் கருத்தரங்குகளில் சான்றிதழ் உண்டு, குரூப் போட்டோ உண்டு. வெறும் வாசகருக்கு நாற்காலிதான் இல்லை.

இத்தனைக்கும் இந்த வகையின் முன்னோடிக் கதை ஒன்று அச்சானது நம்ம மெட்ராஸில்தான். இன்றைய பீகார் பகுதியில் வாழ்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு', 1905-ல் 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வந்தது. கமலா சத்தியநாதன் 1901-ல் தொடங்கிய பத்திரிகை அது. கதையில் ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் வெளியே. ஒரு பெண்கள் பல்கலைக்கழகம் பலூன் விட்டு மேகத்திலிருந்து நீர் எடுக்கிறது. இன்னொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையல் அந்த வெப்பத்தில், போரில் வெல்வதும் அதே வெப்பத்தால்.

பர்தாவைத் தலைகீழாக்கிய கதை என்பது வழக்கமான வாசிப்பு. தப்பில்லை, ஆனா போதாது. கடலூர்க்காரர்கள் இதை மின்சாரக் கதையாகவும் படிக்கலாம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டுகிற மாவட்டம் இது. 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டமும் இதுதான். எரிசக்தி எங்கிருந்து வருது, யார் தீர்மானிக்கிறாங்க, யார் வீட்டு அடுப்பில் புகை நிக்குது என்ற கேள்விகளை ரொக்கேயா 1905-லேயே ஒரு சமையலறையில் வைத்துவிட்டார்.

கதையின் பலவீனமும் இங்கிருந்து பார்த்தால்தான் தெரிகிறது. அந்த நாட்டில் வயலை மின்சாரமே உழுதுவிடுகிறது. சரி, நாற்று நட்ட பெண்கள் எங்கே போனார்கள்? ராணி தெரிகிறார், கல்லூரித் தலைவி தெரிகிறார், கூலிக்காரி தெரியவில்லை. ஆணும் பெண்ணும் இடம் மாறியதும் எல்லாம் சரியாகிவிடுமா? காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் நடவுக்குப் போகிற ஒரு பெண் இந்தக் கதையைக் கேட்டால், முதலில் இதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

ரசிகர் மாநாடு ஒன்றும் புனிதமான இடம் இல்லை. 2011 விஸ்கானுக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்ட எலிசபெத் மூன், முஸ்லிம்கள் பற்றி எழுதிய கருத்துகளால் பெரிய சண்டை வந்து, 2010-ல் அழைப்பு திரும்பப் பெறப்பட்டது. அது சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் சண்டை எல்லார் முன்னாலும் நடந்தது, வாசகர்களும் சேர்ந்து போட்டார்கள். பெண்ணியம் என்று சொல்லும்போது அதில் எந்தப் பெண்கள் என்று கேட்காமல் விடக்கூடாது என்பது அங்கே வெளிப்பட்டது. ஒரு முஸ்லிம் பெண் எழுதிய கதையை மூலமாகக் கொண்டாடுகிற நமக்கும் அந்தக் கேள்வி உண்டு.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கு. நெய்வேலிக்குப் புத்தகக் கண்காட்சிப் பழக்கம் இருக்கு. நடுவில் ஒரு பஸ் பயணம்தான். கதையும் சின்னது, அரை மணியில் சத்தமாகப் படித்து முடிக்கலாம். ரொக்கேயா 1932-லேயே மறைந்துவிட்டதால் காப்புரிமைத் தொல்லை கிடையாது. முதல்ல தமிழில் படிச்சுக் காட்டுங்க, கட்டுரையை அதுக்கப்புறம் வாசிக்கலாம்.