சதுரங்கத்துக்கு உரையாசிரியர்கள்

புத்தகத்தைப் பற்றி எழுதாமல் செல்போனைப் பற்றி எழுதுகிறானே என்று நேயர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச காலமாக நான் படித்ததைவிடக் கேட்டதுதான் அதிகம். கேட்டது சங்கீதமும் அல்ல, உபந்நியாசமும் அல்ல. சதுரங்கப் பாடமும் சதுரங்க வர்ணனையும்.

"சதுரங்கத்துக்கு வர்ணனையா?" என்று முதலில் நானும் சிரித்தவன்தான். கிரிக்கெட்டில் பந்து ஓடுகிறது, ஆள் ஓடுகிறான், ஜனங்கள் கத்துகிறார்கள்; வர்ணிக்க விஷயம் இருக்கிறது. சதுரங்கத்தில் இரண்டு பேர் தாடையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அரை மணிக்கு ஒரு தரம் ஒருவர் கை நீட்டி ஒரு காயை நகர்த்துகிறார். இதை வர்ணிப்பதும் நிஷ்டையில் இருக்கும் முனிவரை வர்ணிப்பதும் ஒன்றுதான் என்று நினைத்தேன்.

நான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டது வேதாரண்யத்தில், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் ஒருவரிடம். சாயங்காலம் திண்ணையில் பலகையை விரிப்பார். நான் அசட்டுத்தனமாகக் காயை வைத்தால் "ம்" என்பார். ரொம்ப அசட்டுத்தனமாக வைத்தால் "ம்ம்" என்பார். இந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் கண்டுபிடிப்பதிலேயே என் பாலியம் கழிந்தது. குரு பேசக் கூடாது என்பது அந்தக் காலத்துச் சம்பிரதாயம்.

இப்போது எதிர்வீட்டுப் பையனைப் பார்க்கிறேன். பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. ஊரில் சதுரங்கம் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை; கட்டணம் கொடுத்துத் தஞ்சாவூருக்கோ சென்னைக்கோ அனுப்ப வீட்டில் வசதி இல்லை. ஆனால் அவனுக்கு உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களெல்லாம் குருமார்கள். அம்மாவின் செல்போனுக்குள் அவர்கள் குடியிருக்கிறார்கள். அவனுக்குத் துணையாக உட்கார்ந்துதான் நானும் கேட்க ஆரம்பித்தேன். கேட்டவரையில் தோன்றிய அபிப்பிராயங்களைச் சொல்கிறேன்.

இந்தப் பாடங்களில் இரண்டு ஜாதி. ஒன்று, எட்டே நகர்த்தலில் எதிராளியை வீழ்த்தச் சொல்லித் தரும் ஜாதி. இது துப்பறியும் நாவல்களில் மட்ட ரகத்தைப் போன்றது. பொறி ஒன்றுதான் இருக்கும்; எலி தானாக வந்து விழ வேண்டும். எலி வராத நாளில் என்ன செய்வது என்பதற்குப் பாடம் இல்லை.

இன்னொரு ஜாதிக்கு உதாரணமாக டேனியல் நரோடிட்ஸ்கி என்ற அமெரிக்க கிராண்ட்மாஸ்டரைச் சொல்வேன். 2025 அக்டோபரில், முப்பது வயது நிறையும் முன்பே மறைந்துவிட்டார். அவர் சாதாரண ஆட்டக்காரர்களோடு ஆடுவார். ஆடும்போதே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்வார். எடுத்த முடிவை மட்டும் அல்ல, எடுக்காமல் விட்ட முடிவுகளையும் சொல்வார். "இங்கே குதிரையை வைக்க ஆசையாக இருக்கிறது, ஆனால்..." என்கிற தோரணை. அந்த 'ஆனால்' என்ற சொல்லில்தான் பாடம் முழுவதும் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து வருவார். தோற்றவர் எந்த நினைப்பில் அந்தத் தப்பைச் செய்திருப்பார் என்று பரிவோடு யோசிப்பார். தப்பைத் தப்பு என்று சொல்ல யாராலும் முடியும். தப்புக்குள் புகுந்து, அதைச் செய்தவனுடைய நியாயத்தைக் கண்டு சொல்வது நல்ல நாவலாசிரியனின் வேலை. அதை ஒரு சதுரங்க ஆசிரியர் செய்து கேட்டபோது எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

இந்த வித்தை நேற்றுப் பிறந்ததல்ல. 1972-ல் பாபி பிஷரும் ஸ்பாஸ்கியும் ஐஸ்லாந்தில் மோதியபோது, ஷெல்பி லைமன் என்பவர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு பலகையை மாட்டி வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசினார். அடுத்த நகர்த்தல் வந்து சேரும்வரை ஊகமும் விவாதமும்தான். சதுரங்கமே தெரியாத ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம்.

நம் பக்கத்துக் கதை இன்னும் ருசியானது. விசுவநாதன் ஆனந்த் 1969-ல் மாயவரத்தில் பிறந்தவர். ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் கற்றவர். எழுபதுகளின் கடைசியில் தகப்பனாரின் உத்தியோகம் காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸில் இருந்தது. அங்கே தொலைக்காட்சியில் பகல் நேரத்தில் சதுரங்க நிகழ்ச்சி ஒன்று வரும். கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். தாயார் புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் இருவருமாக விடை கண்டு அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். வாராவாரம் இவர்களுக்கே பரிசு போவதைப் பார்த்து, "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு போ, இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே" என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்தத் தாயார் எழுதி வைத்தது புதிரை, விடையை அல்ல. இதை நேயர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். என் வழக்கே இதன்மேல்தான் நிற்கிறது.

அதே ஆனந்த் 2021-ல் துபாயில் நடந்த உலகப் போட்டிக்கு வர்ணனையாளராக உட்கார்ந்தார். கார்ல்சனும் நெப்போம்னியாஷியும் ஆடிய ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல்கள்; ஏழே முக்கால் மணி நேரம். ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர் அருகில் உட்கார்ந்து பேசுகிறார் என்றால் அந்த நேரம் நீளமாகத் தெரியாது. அதுபோலவே பீட்டர் லேகோ என்ற ஹங்கேரியர். 2004-ல் கிராம்னிக்கோடு ஆடிய பட்டப் போட்டியில் ஒரு புள்ளி முன்னால் இருந்து, கடைசியான பதினான்காவது ஆட்டத்தில் தோற்றுப் பட்டத்தைக் கைநழுவ விட்டவர். பதினான்காவது ஆட்டத்தின் வயிற்றுவலி அவருக்குத் தெரியும். அனுபவித்தவன் சொல்லும் கதைக்கும் கேள்விப்பட்டவன் சொல்லும் கதைக்கும் வித்தியாசம் இல்லாமல் போகுமா?

பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் செய்தது இதுதானே? மூலம் சுருக்கமாக, பிடிவாதமாக வாய் மூடி இருக்கிறது. உரையாசிரியர் வந்து, இந்தச் சொல் ஏன் இங்கே, வேறொன்று ஏன் இல்லை என்று கேட்கிறார். சதுரங்கப் பலகையும் வாய் திறக்காத மூலந்தான். உரையில்லாமல் பாமரனுக்கு விளங்காது. ஆகவே என் பழைய சிரிப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

இந்த ஒளிபரப்புகளில் பலகைக்குப் பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கம்பம் நிற்கும். வெப்பமானியின் பாதரசம் மாதிரி வெள்ளை ஏறும், இறங்கும். யார் கை ஓங்கியிருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்குப் பண்ணிச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எந்த மனிதனும் ஜெயிக்க முடியாத யந்திரம் அது. அதன் கணக்கில் நான் குறை சொல்லவில்லை. அது வருவதற்கு முன் வர்ணனையாளர்கள் அரை மணி நேரம் தப்பான பாதையில் நம்மை அழைத்துப் போனதும் உண்டு.

2024 டிசம்பர் 12. எங்கள் ஊரில் மழை. பையன் என் வீட்டுக் கூடத்தில் செல்போனைச் செம்பின்மேல் சாய்த்து வைத்திருந்தான். சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரெனும் பதினான்காவது ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஆறரைப் புள்ளி. ஆட்டம் சமமாக முடியும் என்று எல்லோரும் நினைத்திருந்த விளக்கு வைக்கும் நேரம். 55-வது நகர்த்தலாக டிங் தம் யானையை எஃப் 2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

கம்பம் தடாலென்று சரிந்தது. நாங்கள் பார்த்த ஒளிபரப்பில் வர்ணனையாளர்கள் கூச்சலிட்டார்கள். பையன் எழுந்து குதித்தான். "போச்சு தாத்தா! டிங் தோத்தாச்சு! குகேஷுக்கே இன்னும் தெரியலை, எனக்குத் தெரிஞ்சுடுத்து!"

"என்னடா தெரிஞ்சுது?" என்றேன்.

"தப்பு பண்ணிட்டார்."

"என்ன தப்பு?"

பதில் இல்லை. கம்பத்தைக் காட்டினான்.

குகேஷுக்கு அந்தக் கணத்தில் தெரியவில்லை என்பது வாஸ்தவம். வேறொரு நகர்த்தல் செய்ய இருந்ததாக அவரே பிற்பாடு சொன்னார். பிறகுதான் மூலையில் இருந்த வெள்ளை மந்திரி கண்ணில் பட்டது. யானைகள் வெட்டுப்பட்டால் அடுத்தாற்போல் மந்திரிகளும் வெட்டுப்பட்டாக வேண்டும். அந்த மந்திரிக்கு விலக வழி இல்லை. மிச்சம் சிப்பாய்கள் மட்டும். அதில் கறுப்புக்கு ஒன்று அதிகம். பதினெட்டு வயதுப் பிள்ளை, எந்தக் கம்பமும் இல்லாமல், தன்னந்தனியாக இதைக் கண்டான். கண்ட கணத்தில் அவன் முகத்தில் வந்த மாறுதல் இருக்கிறதே, அதுதான் அன்றைய நாடகம். நாங்கள் முன்னமே குதித்துவிட்டபடியால், அதை ஒரு சோம்பேறி தாமதமாக விழித்துக்கொள்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம்.

இந்தக் குற்றம் எனக்கும் பழக்கமானது. என் நாவல் ஒன்றில் கதாநாயகி படிக்காத கடிதத்தை வாசகருக்கு முன்கூட்டியே படித்துக் காட்டிவிட்டேன். விறுவிறுப்பாக இருக்கும் என்று எண்ணம். ஒரு வாசகி எழுதினார்: "அந்தப் பெண் ஏன் இத்தனை அசடாக இருக்கிறாள்?" அவள் அசடு அல்ல. அவளுக்குத் தெரியாததை வாசகருக்குச் சொல்லி, நான்தான் அவளை அசடாக்கினேன்.

மறுநாள் பையன் என்னோடு மரப்பலகையில் ஆட வந்தான். நாலு காய் நகர்த்தியதும் கையைக் காயின்மேல் வைத்தபடி, "இது சரியா தாத்தா?" என்றான். ஐந்தாவதுக்கும் கேட்டான். பலகையின் இடது ஓரத்தை அவன் கண் தேடுவதைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பையன் பயந்து போயிருந்தான். எனக்கும் பயமாக இருந்தது. இவனுக்குக் கிடைத்திருக்கும் குருமார்கள் சாமானியர்கள் அல்ல. அவர்களிடமிருந்து இவன் யோசிக்கப் பயப்படுவதை மட்டும் கற்றுக்கொண்டு போய்விட்டால்?

ஒரு தபால் கவரைக் கிழித்து, அந்தக் கம்பம் தெரியும் ஓரத்தை மறைத்துச் செல்போனில் ஒட்டினேன். ஒலியையும் நிறுத்தினேன். முந்தைய நாள் ஆட்டத்தை அந்த 55-வது நகர்த்தலில் கொண்டுவந்து வைத்து, "நீதான் குகேஷ். ஆடு" என்றேன். முதலில் தப்பாகச் சொன்னான். "ம்" என்றேன். இரண்டாவதும் தப்பு. "ம்ம்" என்றேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே மழை நின்று, கொல்லைப்புறத்துத் தவளைகள் கத்த ஆரம்பித்தன. அப்புறம் மூலையில் இருந்த மந்திரிமேல் மெதுவாக விரலை வைத்தான். "இதுக்குப் போக இடமே இல்லையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இந்தத் தடவை குதிக்கவில்லை.

பிறகு ஒலியை வைத்து உரையைக் கேட்டோம். இப்போது அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு விளங்கியது.

ஆகையால் இந்த வர்ணனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உரை வேண்டும், மூலத்தோடு கொஞ்சம் மல்லுக்கட்டிய பிறகு வேண்டும். எங்கள் ஊர்க் கோவிலில் அப்பர் பதிகம் பாடித்தான் கதவு திறந்ததாம். கடைசிப் பாட்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரே பாட்டுப் போதுமானதாயிருந்தது. அப்பர் அதற்காக வருத்தப்பட்டார் என்று புராணம் சொல்கிறது. வருத்தப்பட்டிருக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பத்துப் பாட்டுவரை மூடிய கதவுக்கு முன்னால் நின்றவருக்கல்லவா, திறந்ததன் அருமை தெரியும்?

கவர்த்துண்டு இன்னும் அந்தச் செல்போனில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் அம்மா இரண்டு முறை கிழித்துப் போட்டாளாம். அவனே மறுபடி ஒட்டியிருக்கிறான்.