பசியா வென்றது, பயிற்சியா?

அலியா, பிரேசியரா? அரை நூற்றாண்டு கடந்தும் அடங்காத வழக்கு இது. குத்துச்சண்டையில் நாட்டமுடையோர் இருவர் கூடினால் போதும். மேடை இல்லாமலே மோதல் தொடங்கிவிடும். "அலியின் கால்களைக் கண்டீரா? களத்தில் அவை நடக்கவில்லை, நடனமன்றோ ஆடின!" என்பார் ஒருவர். "ஆடிய கால்களை அடக்கிய இடக்கையை மறந்தீரோ?" என்று மடக்குவார் மற்றவர். சுவையான வழக்குத்தான், கூடாதென்று நாம் கூறவில்லை. ஆனால், வழக்கின் முடிவில் வாடிக்கையாக வழங்கப்படும் தீர்ப்பு ஒன்று உண்டு. எளியவன் வலியவனை வீழ்த்திவிட்டால் உடனே காரணம் கூறுவர்: "அவன் வயிற்றில் பசி இருந்தது, நெஞ்சில் வெறி இருந்தது, ஆகவே வென்றான்!"

இந்தத் தீர்ப்பைத்தான் நாம் ஏற்க மறுக்கிறோம்.

நடந்ததை நினைவுபடுத்திக் கொள்வோம். 1967ஆம் ஆண்டு, வியத்நாம் போர்க் காலத்தில், அமெரிக்கப் படையில் சேர மறுத்தார் முகமது அலி. பட்டம் பறிபோயிற்று, சண்டையிடும் உரிமம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறை என்ற தண்டனையும் வந்தது. மேல்முறையீட்டினால் சிறை புகவில்லை. ஆயினும் மூன்றரை ஆண்டுகள் மேடை ஏறவும் இயலவில்லை. ஆளற்ற அரியணைக்கு ஆள் தேடிப் போட்டித் தொடர் ஒன்றை நடத்தினர். அதில் கலந்துகொள்ள மறுத்தவர் ஜோ பிரேசியர். வேறு வழியே முன்னேறி, 1970 பிப்ரவரியில் ஜிம்மி எல்லிசை வீழ்த்தி, உலகப் பட்டத்தை முழுமையாகப் பெற்றார் அவர்.

ஆக, தோல்வியே காணாத வாகையர் இருவர்! மேடையில் தோற்காமலே பட்டம் இழந்தவர் ஒருவர். மேடையில் வென்று பட்டம் பெற்றவர் மற்றவர். எவர் மெய்யான வாகையர்? 1971 மார்ச் 8ஆம் நாள், நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் விடை கிடைத்தது. ஆளுக்கு 25 இலட்சம் டாலர் ஊதியம். 15 சுற்றுச் சண்டை. இறுதிச் சுற்றில் பிரேசியரின் இடக்கை அலியின் தாடையைத் தாக்கியது. சாய்ந்தார் அலி, எழுந்தார், ஆயினும் தீர்ப்பு மூவரும் ஒருமுகமாய்ப் பிரேசியர் பக்கமே.

அந்த இடக்கையை இயக்கியது எது? பசியா? பயிற்சியாளர் எட்டி பட்ச், அலியின் ஆட்டத்தை ஆய்ந்து ஒரு குறையைக் கண்டிருந்தார். வலக்கையைக் கீழிருந்து மேல்நோக்கி வீச அலி முனையும் நொடியில், அவருடைய வலத் தாடை காப்பின்றி நிற்கும். அந்த நொடியில் இடக்கையை வீசு என்பதே பாடம். அந்த ஒரு நொடிக்காகப் பன்னூறு முறை பழகியது அந்தக் கை. பசித்த வயிறு இதைக் கற்றுத் தருமா? கண்டவர் கூறினார், கேட்டவர் பழகினார், பழகியவர் வென்றார். இதில் மாயம் ஏது?

"வெறிதான் வெல்லும் என்பதற்குச் சான்று வேண்டுமா? இதோ பஸ்டர் டக்ளஸ்!" என்று சிலர் எழுவர். எழட்டும். 1990 பிப்ரவரி 11, டோக்கியோ நகர். 37 போட்டிகளில் தோல்வி அறியாத மைக் டைசன் ஒரு பக்கம். ஒன்றுக்கு நாற்பத்திரண்டு என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கித் தள்ளிய டக்ளஸ் மறுபக்கம். பத்தாம் சுற்றில் டைசன் வீழ்ந்தார்; உலகம் வியந்தது. போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் டக்ளசின் அன்னை மறைந்திருந்தார். "அன்னையின் நினைவு வென்றது!" என்று முடித்துவிட்டனர்.

நன்று. எட்டுத் திங்கள் கழித்து, அதே ஆண்டு அக்டோபரில், இவாண்டர் ஹோலிபீல்டிடம் மூன்றே சுற்றில் டக்ளஸ் வீழ்ந்தாரே, அது எதனால்? எட்டுத் திங்களில் அன்னை மறந்துபோனாரா? மகனுடைய துயரம் தீர்ந்துபோயிற்றா? அவ்வாறு கூற எவருக்கு நா எழும்? டோக்கியோவில் அவர் எடை 231 இராத்தலுக்குச் சற்று மேல். ஹோலிபீல்டை எதிர்த்து நின்றபோது 246 இராத்தல். துயரம் மாறவில்லை, தோழரே, உடல் மாறியிருந்தது. டோக்கியோவில் டைசனைத் தொலைவிலேயே நிறுத்திய நீண்ட இடக்கைக் குத்தும், தளராத கால்களும் இரண்டாம் முறை மேடைக்கு வரவில்லை. உள்ளத்தின் உந்துதல் ஒருவனைப் பயிற்சிக் கூடத்தின் வாயில் வரை அழைத்துச் செல்லும். உள்ளே நடப்பதை உடல்தான் நடத்த வேண்டும்.

இந்த 'வெறி' வழிபாட்டை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது 1976இல் வெளிவந்த 'ராக்கி' திரைப்படம். சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசும் பெற்றது. ஏழை இளைஞன் ஒருவன், எவரும் மதியாதவன், தொங்கும் இறைச்சியைக் குத்திப் பழகுகிறான், பிலடெல்பியாவின் படிக்கட்டுகளில் ஓடுகிறான், உலக வாகையனை எதிர்த்து இறுதிவரை நிற்கிறான். உள்ளத்தைத் தொடும் படம், மறுக்கவில்லை. அவன் புள்ளிக் கணக்கில் தோற்கவே செய்கிறான் என்ற நேர்மையையும் பாராட்டுகிறோம். ஆனால், பிலடெல்பியாவில் இறைச்சிக் கூடத்தில் உழைத்து உலகப் பட்டம் பெற்ற ஒருவர் மெய்யாகவே இருந்தார். அவர்தான் ஜோ பிரேசியர்! தென் கரோலினாவின் ஏழை உழவர் குடியில் பிறந்து, பதினைந்தாம் வயதில் வடக்கே வந்து, 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பெருவிரல் முறிந்த கையோடு தங்கம் வென்றவர். படத்தில் வரும் அந்தக் காட்சிகள் தம் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டவை என்று அவரே கூறினார். அந்த வாழ்வு வெள்ளை நாயகனுக்கு அணிவிக்கப்பட்டது. எதிரில் நிற்கும் செருக்குடைய வாகையன் கறுப்பராக்கப்பட்டான். கதை மாந்தனுக்கு அந்நகரில் 1980களிலேயே சிலை எழுந்தது. உயிரோடு வாழ்ந்த வீரருக்கோ, அவர் 2011இல் மறைந்த பின்னர், 2015இல்தான் எழுந்தது. எளியவனைப் போற்றும் உலகம் எந்த எளியவனைப் போற்றுகிறது, பார்த்தீர்களா?

கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. பிரேசியரைச் சிறுமைப்படுத்தியவர்களுள் அலியும் ஒருவர். தமக்கு மீண்டும் உரிமம் வேண்டுமென்று குரல் கொடுத்தவரையே, வெள்ளையரின் ஏவலாள் என்று ஏசினார். 1975இல் மணிலாப் போட்டிக்கு முன்னர் மனிதக் குரங்கென்று இகழ்ந்தார். ஆதிக்கத்தை எதிர்த்து அரியணையையே துறந்த அலியை நாம் வணங்குகிறோம். அந்த வணக்கத்துக்காக இந்த இழிசொல்லை மூடி மறைக்க மாட்டோம். நிறவெறியர் கையாண்ட சொல்லையே நிறவெறியால் நொந்தவர் தம் உடன்பிறப்பின் மீது வீசினார். மணிலாவில் பதினான்கு சுற்று முடிந்ததும், கண் வீங்கிப் பார்வை மங்கிய பிரேசியரைப் பட்ச் தடுத்து நிறுத்தினார், அலி வென்றார். 2001இல் அலி வருத்தம் தெரிவித்தார். பிரேசியரின் இறுதிச் சடங்குக்கும் வந்தார். சொல் ஆறிற்றா, அறியோம். 1980இல் அலி சென்னைக்கே வந்து, அதே ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். அலியின் பெயர் நம் ஊரில் நிலைத்தது, பிரேசியரின் பெயரைச் சொன்னால் "யார் அவர்?" என்று கேட்பார் இன்றும் உளர்.

இத்தனையும் ஏன் எழுதுகிறோம்? குத்துச்சண்டைக்கும் பள்ளி ஆசிரியனுக்கும் என்ன உறவு?

உறவு உண்டு. நம் வகுப்பில், குடும்பத்தில் முதன்முதலாக எழுத்தறிந்த பிள்ளைகள் பலர். "வறுமைதான் உனக்கு வலிமை, பசித்தவனே படிப்பான்" என்று நாமும் அவர்களிடம் முழங்கியவர்தாம். ஒருநாள், காலையில் உண்ணாமல் வந்த மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: "ஐயா, பசி இருந்தால் வெல்லலாம் என்றால், எங்கள் தெருவில் எல்லோரும் வென்றிருக்க வேண்டுமே?" நாம் வாயடைத்து நின்றோம். அன்றுவரை அவனுடைய பசியைப் புகழ்ந்தோமே தவிர, அவன் கணக்கில் எங்கே தவறுகிறான் என்று உடன் அமர்ந்து பார்த்தோமில்லை. அது அவன் குறையன்று, நம் குறை.

பசியைப் புகழ்வது எளிது, புகழ்வோர்க்குச் செலவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுவதும், அவன் குறையைக் கண்டு கூறுவதும், கூடவே நின்று பழக்குவதுமே கடினம். பசித்துக் கிடந்தும் பயிற்றுவார் இன்றி, மேடைக்கே வராமல் அழிந்தவர் எத்தனை ஆயிரவரோ! அவர்களை எந்தக் கதையும் எண்ணுவதில்லை. வென்ற ஒருவனைக் காட்டி, "பார், பசி வென்றது!" என்று முழங்குவது, தோற்ற ஆயிரவரைப் பார்த்து, "உங்களுக்குப் பசி போதவில்லை" என்று கூறுவதாகாதா?

ஆகவே, அலியா, பிரேசியரா என்று வழக்காடுங்கள். விடிய விடிய வழக்காடுங்கள். ஆனால் வென்ற எளியவனின் வெற்றிக்குக் காரணம் கேட்டால், அவன் வயிற்றைக் காட்டாதீர்கள். அவன் கையைக் காட்டுங்கள். அந்தக் கைக்குக் கற்பித்தவரைக் காட்டுங்கள்!