கோட்டையும் காலமும்: காஸில்வேனியா மரபின் பிரிவுகளும் அளவுகோல்களும்

ஒரு கலைமரபின் பழைய படைப்புகளை மதிப்பிட முனைபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, அவை பழையவையா என்பதன்று. பழமை அவற்றின் எந்த உறுப்பைத் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது என்பதே. இயந்திரத்தையே மேடையாகக் கொண்ட வீடியோ விளையாட்டில் இக்கேள்வி மற்றக் கலைகளைக் காட்டிலும் கடுமையாக எழுகிறது. சில ஆண்டுகளுக்கொருமுறை மேடையே மாறிப்போகும் கலையன்றோ இது! ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1986 செப்டம்பரில் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்கென வெளியிட்டு, பின்னர் காஸில்வேனியா என்ற பெயரால் உலகெங்கும் பரவிய விளையாட்டுத் தொடர் இவ்வகை ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. டிராகுலா பிரபுவின் கோட்டை, அவனை அழிப்பதையே குலக்கடனாகக் கொண்ட பெல்மாண்ட் பரம்பரை, அப்பரம்பரையின் கையில் வழிவழியாக வரும் சாட்டை ஆகிய மூன்றும் பெரும்பாலும் நிலைத்து நிற்க, ஆக்கியோரும் இயந்திரங்களும் மாறிக்கொண்டே வந்தமையால், ஒரே கருவில் எது நிலைத்தது, எது தேய்ந்தது என்று ஒப்பிட்டுக் காண இத்தொடர் அரிய வாய்ப்பைத் தருகிறது.

இதில் இரண்டு பெரும் சம்பிரதாயங்கள் உண்டு. முதலாவது, வாசலில் தொடங்கிக் கட்டம் கட்டமாக மேலேறி, உச்சியில் டிராகுலாவைச் சந்திக்கும் நேர்வழிச் சம்பிரதாயம். 1986 முதல் 1990-களின் நடுப்பகுதி வரை இதுவே ஓங்கி நின்றது. இரண்டாவது, கோட்டை முழுவதையும் ஒரே வரைபடமாக விரித்து, புதிய ஆற்றல் ஒன்று கைவரும்போதெல்லாம் முன்பு அடைபட்டிருந்த வழிகளுக்குத் திரும்பிவரச் செய்யும் தேடல் சம்பிரதாயம். 1997-இல் இது முழு வடிவம் பெற்றது. இவ்விரண்டையும் அளக்க மூன்று அளவுகோல்கள் போதும் என்பது என் கருத்து. பாத்திரத்தின் உடல் எப்போதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு இயங்குகிறதா? விளையாட்டு தான் கேட்பதற்குரிய சான்றைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறதா? ஓவியமும் இசையும் அந்தந்த இயந்திரத்தின் எல்லைக்குள் முழுமை பெற்றிருக்கின்றனவா? இம்மூன்றையும் கொண்டு பார்க்கும்போது, விதியை மறைக்காத கடுமை முதுமையடைவதில்லை என்பதும், சான்றை மறைத்த படைப்பே முதலில் தளர்கிறது என்பதும் விளங்கும்.

முதல் விளையாட்டின் நாயகன் சைமன் பெல்மாண்ட் குதிக்கும்போது, தரையை விட்டுக் கால் எழுந்த கணத்தில் எந்தத் திசையை நோக்கினானோ அத்திசையிலேயே சென்று விழுவான். நடுவானில் மனம் மாற இடமில்லை. சாட்டை விரியச் சிறிது நேரம் பிடிக்கும்; அடிபட்டால் உடல் பின்னோக்கித் தூக்கி எறியப்படும்; பின்னால் பள்ளம் இருந்தால் அந்த அடியே மரணமாகிவிடும். இன்று பழகுபவருக்கு இவையெல்லாம் குறைகளாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் பதினெட்டுக் கட்டங்களில் பதினைந்தாவதாக வரும் அந்தப் புகழ்பெற்ற நடைக்கூடத்தை ஒருமுறை கூர்ந்து நோக்கினால் உண்மை புலப்படும். கோடரி வீசும் கவச வீரர்கள் எதிரே வழிமறித்து நிற்க, மெடூசாவின் தலைகள் அலைபோல் மேலும் கீழுமாக நெளிந்து பறந்துவர, நான்கு அடியில் உயிர் போகும் நிலையில் சைமன் அதைக் கடந்து, அப்பால் காத்திருக்கும் மரணதேவனோடு பொருத வேண்டும். தோற்றால் மீண்டும் அதே கூடத்தின் தொடக்கம். அங்கே தற்செயலுக்கு வேலை சொற்பம். கோடரி உயரே வருவதையும் தாழ வருவதையும் வீரனின் கை முன்னரே காட்டிவிடுகிறது. தலைகளின் அலை தன் வடிவத்தை மாற்றுவதில்லை. தவறு நேர்ந்தால் அது எங்கே நேர்ந்தது என்பதை ஆடுபவர் தாமே சொல்லிவிடலாம். இந்தத் தெளிவே 1986-இன் அந்த ஆக்கத்தை இன்றும் கம்பீரமாக நிற்கச் செய்கிறது. கினுயோ யமாஷிடாவும் சடோயே டெராஷிமாவும் அமைத்த இசை, ஃபாமிகாமின் சில ஒலிவரிசைகளுக்குள்ளேயே தாளமும் ராகமும் பூரணமாக அமைந்தமையால், அதற்குப் பின்னும் எத்தனையோ முறை புதிய வாத்தியங்களில் மறுபிறவி எடுத்திருக்கிறது.

இதே சம்பிரதாயத்தில் வந்த 1989-இன் மூன்றாம் விளையாட்டு, டிரெவர் பெல்மாண்டோடு கிரான்ட், சைஃபா, அலுகார்ட் என்ற மூவரில் ஒருவரைத் துணைகொள்ளவும், பிரியும் பாதைகளில் ஒன்றைத் தேரவும் இடம் தந்தது. பாதையைத் தேர்ந்தவர் தம் துன்பத்தையும் தாமே தேர்ந்துகொள்கிறார். எனவே அதன் கடுமை முதல் விளையாட்டை மிஞ்சினும் முறையீட்டுக்கு இடமில்லை. ஜப்பானியப் பதிப்பின் பெட்டியில் பொருத்தப்பட்ட வி.ஆர்.சி.6 என்ற சிப், மேலும் மூன்று ஒலிவரிசைகளைச் சேர்த்தது. அந்நலம் மேலைநாட்டுப் பதிப்புக்குக் கிட்டவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர் முன்னதன் செழுமையை உடனே உணர்வர்.

1991-இல் சூப்பர் ஃபாமிகாமில் வந்த நான்காம் விளையாட்டைப் பற்றி நான் சற்று மாறுபட்ட கருத்துடையவன். சாட்டையை எட்டுத் திசையிலும் வீசலாம், குதித்த பின்னும் உடலைத் திருப்பலாம் என்னும் சலுகைகள் கையை விடுவித்தன என்பது மெய். ஆனால் அவற்றுக்கு ஈடாக எதிரிகளைக் கூர்மைப்படுத்த ஆக்கியோர் பல இடங்களில் மறந்துவிட்டனர். எட்டுத் திசை கைவந்தபின் துணைக்கருவிகளுக்கு வேலை குறைந்துபோயிற்று. சைமன் ஒரு வளையத்தில் சாட்டையை மாட்டித் தொங்க, அறை முழுவதும் அவனைச் சுற்றிச் சுழலும் காட்சி, அன்று அந்த இயந்திரத்தின் வல்லமைக்குச் சாட்சியாக நின்று வியப்பூட்டியது. இன்று அது சற்றே நீண்ட காத்திருப்பாகவே எஞ்சுகிறது. அவ்விளையாட்டில் அழியாது நிற்பது அதன் இசையும், இருள் கவிந்த சூழலுமே.

நேர்வழிச் சம்பிரதாயத்தின் சிகரம் 1993-இல் பி.சி. எஞ்சினின் குறுந்தகடு வடிவத்தில் ஜப்பானில் மட்டும் வெளிவந்த ‘ரோண்டோ ஆஃப் பிளட்’ என்பதில் ஐயமில்லை. டோரு ஹகிஹரா இயக்கிய இப்படைப்பில் ரிக்டர் பெல்மாண்ட் பழைய சைமனின் கனத்த நடையையே கொண்டிருந்தாலும், பின்னோக்கித் துள்ளும் வித்தை ஒன்றைக் கூடுதலாகப் பெற்றிருக்கிறான். சிறைமீட்ட மரியா என்ற சிறுமியையோ நாயகியாகவே ஆடலாம். புறாக்களை ஏவியும், காற்றில் இருமுறை துள்ளியும் அவள் அதே கட்டங்களைக் கடக்கும்போது அவை வேறு கட்டங்களாகவே தோன்றுகின்றன. மறைவழிகளும் மாற்றுக் கட்டங்களும் நிறைந்திருப்பினும், எவையும் விளையாட்டை முடிப்பதற்குக் கட்டாயமல்ல; கண்டவருக்குப் பரிசு, காணாதவருக்குத் தண்டனையில்லை என்ற தர்மத்தை அது வழுவாது காத்தது.

அந்தத் தர்மம் வழுவினால் என்ன நேரும் என்பதற்கு 1987-இன் இரண்டாம் விளையாட்டான ‘சைமன்ஸ் குவெஸ்ட்’ தெளிவான உதாரணம். அதன் எண்ணம் உயர்ந்தது. ஊர்களும் காடுகளும் மாளிகைகளும் கொண்ட ஒரு நாட்டை விரித்து, பகலும் இரவும் மாறி மாறி வரச்செய்து, இரவில் ஊர்க்கதவுகள் அடைபடவும் பகைவர் வலுக்கவும் அமைத்து, முடிக்க எடுத்துக்கொண்ட காலத்துக்கேற்ப மூன்று முடிவுகளையும் வைத்த அந்தத் துணிவு, பின்வந்த தேடல் சம்பிரதாயத்துக்கு வித்திட்டது. ஆயினும் வழியின் ஒரு முக்கியமான இடத்தில், சிவப்புப் படிகத்தைக் கையில் தேர்ந்துகொண்டு, டெபோரா குன்றின் அடியில் மண்டியிட்டுச் சில விநாடிகள் அசையாதிருந்தால்தான் சூறாவளி வந்து சைமனைத் தூக்கிச் செல்லும். ஊரார் வாய்மொழியில் படிகத்தைப் பற்றியும் குன்றைப் பற்றியும் ஒரு சொல் உண்டே தவிர, மண்டியிட வேண்டும் என்பதைச் சொல்வார் இல்லை. ஊராரில் சிலர் பொய்யும் சொல்வர். மெய்யையும் பொய்யையும் பிரித்தறிய ஆடுபவர் கையில் எந்த உரைகல்லும் இல்லை. மூன்றாம் விளையாட்டின் கடுமைக்கு முன் இது எளிய விளையாட்டே. எனினும் மூன்றாவது இளமையோடிருக்க இரண்டாவது மூப்படைந்தது, சான்றை அது தனக்கு வெளியே தேடவைத்தமையால்தான்.

பத்தாண்டுகளுக்குப் பின், 1997 மார்ச்சில் பிளேஸ்டேஷனுக்கு வந்த ‘சிம்பொனி ஆஃப் த நைட்’ அதே கனவைச் சான்றோடு நிறைவேற்றியது. ஹகிஹராவே இயக்க, கோஜி இகராஷி துணைநிற்க, அயாமி கோஜிமா பாத்திரங்களை வரைய, மிச்சிரு யமானே இசையமைக்க உருவான இப்படைப்பு, ரிக்டரின் இறுதிப் போரில் தொடங்கி, டிராகுலாவின் மகன் அலுகார்ட் கோட்டைக்குள் நுழைவதில் விரிகிறது. வலிமை மிக்க படைக்கலங்களோடு உள்ளே புகும் அவனை மரணதேவன் மறித்து, அவை அத்தனையையும் பறித்துக்கொள்ளும் காட்சி ஒரு பெரிய பாடத்தைச் சில நிமிடங்களில் சொல்லி முடிக்கிறது: இழந்த ஆற்றலை இந்தக் கோட்டையின் மூலைமுடுக்குகளில்தான் மீண்டும் தேடவேண்டும். ரிக்டரை வீழ்த்தியதும் கதை முடிந்ததாகவே தோன்றும். ஆனால் பொன் மோதிரம், வெள்ளி மோதிரம் இரண்டின் குறிப்புகளையும் சேர்த்து வாசிப்பவருக்குக் கடிகார அறையில் அவற்றை அணியவேண்டும் என்பது விளங்கும். அங்கே திறக்கும் வழியில் மரியா தரும் கண்ணாடியை அணிந்து ரிக்டரை நோக்கினால், அவனை ஆட்டிவைக்கும் கோளம் தலைக்குமேல் தெரியும். அதை உடைத்தவருக்கே தலைகீழ்க் கோட்டை என்ற இரண்டாம் பாதி திறக்கிறது. டெபோரா குன்றைப் போலவே இதுவும் ஒரு ரகசியந்தான். ஆனால் அதன் திறவுகோல் அனைத்தும் கோட்டைக்குள்ளேயே கிடக்கின்றன. குறையும் உண்டு. கிரிஸ்ஸேக்ரிம் என்ற வாள் கைக்கு வந்தபின் பகைவர் யாவரும் துச்சமாகிவிட, பிற்பாதியில் கடுமை சரிந்துவிடுகிறது. மேலைப் பதிப்பின் வசனங்கள் 2007-இல் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. எனினும் அலுகார்டின் மேலங்கி அலையும் நடையில் ஒரு கோடும் மங்கவில்லை.

இதன் வழிவந்த கையடக்க விளையாட்டுகளில் ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காணலாம். 2001-இல் கேம் பாய் அட்வான்ஸில் வந்த ‘சர்க்கிள் ஆஃப் த மூன்’, விளக்கில்லாத அந்தச் சிறு திரையில் கண்ணுக்கே புலப்படாத அளவு இருண்டிருந்தது என்பது அன்றைய பெருங்குறை. இவற்றை மறுவெளியிட்ட 2021-இன் தொகுப்பில் ஒளிமிக்க திரையில் ஆடுபவருக்கு அக்குறை இல்லாமலே போயிற்று. ஆனால் அதன் ஜீவனான இருபது மந்திரச் சீட்டுகள் பகைவரிடமிருந்து தற்செயலாகவே விழவேண்டும் என்ற குறை அப்படியே நிற்கிறது. 2002-இன் ‘ஹார்மனி ஆஃப் டிஸ்ஸனன்ஸ்’ ஓவியத்தை ஒளிரச்செய்து இசையை மெலியவிட்டது. 2003-இன் ‘ஏரியா ஆஃப் சாரோ’ இரண்டையும் சமன்செய்து, வீழ்த்திய பகைவரின் ஆன்மாவை ஆற்றலாக்கிக்கொள்ளும் முறையால் ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு பொருள் தந்தது. அதன் மெய்யான முடிவுக்கு வேண்டிய மூன்று ஆன்மாக்களைக் கோட்டையில் கிடைக்கும் பழஞ்சுவடிகளே சுட்டுகின்றன. 2005-இன் ‘டான் ஆஃப் சாரோ’ ஒவ்வொரு பெரும்போரின் முடிவிலும் தொடுதிரையில் முத்திரை வரையச்செய்தது. புதிய இயந்திரத்தின் புதுமையைக் காட்டவென்றே பூட்டிய அணி அது. 2024-இன் தொகுப்பில் பொத்தான்களாலேயே அதை முடிக்க வழிசெய்தபோது விளையாட்டு ஒன்றும் இழக்கவில்லை. கழற்றினாலும் உடல் குறையாத அணி, தொடக்கத்திலிருந்தே உறுப்பாக இருந்ததில்லை.

1999-இல் நின்டெண்டோ 64-இல் வந்த முப்பரிமாண முயற்சிகளை நீட்டி ஆராய வேண்டியதில்லை. வெடிமருந்தைச் சுமந்து, குதிக்காமலும் அடிபடாமலும் நடக்கவேண்டிய இடத்தில் பதற்றம் உண்மையானதே. ஆனால் காமெரா தன் விருப்பம்போல் திரும்புவதால், ஆடுபவர் தம் தவறையும் காமெராவின் தவறையும் பிரித்தறிய இயலாமற் போகிறது.

இவற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றே. இயந்திரத்தின் குறையைப் பிற்கால இயந்திரம் தீர்த்துவிடும். அமைப்பின் குறையைத் தீர்க்க ஆக்கியோரே மீண்டும் வரவேண்டும். ஆகவே இம்மரபை இன்று புதிதாகப் பயில விரும்புவோர் 1993-இன் ‘ரோண்டோ’விலிருந்து தொடங்கி, அதன் தொடர்ச்சியான 1997-இன் ‘சிம்பொனி’க்குச் சென்று, அதன்பின் ‘ஏரியா’வையும், பின்னோக்கி 1986-இன் மூலத்தையும் ஆடுவது உசிதம். 2019-இன் தொகுப்பு அந்த மூலத்தை எவ்விடத்திலும் சேமித்துத் தொடரும் வசதியைத் தருகிறது. அவ்வசதியைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, பதினைந்தாவது கட்டத்தின் அந்த நடைக்கூடத்தை மட்டும் அதன் துணையின்றி ஒருமுறை கடந்து பாருங்கள். கடந்தபின், நாற்பதாண்டை நெருங்கிய அவ்விளையாட்டு உங்களிடம் கேட்டது கவனத்தை மட்டுமே என்பதையும், கேட்டதற்கு மேல் ஒன்றையும் அது ஒளித்துவைக்கவில்லை என்பதையும் உங்கள் கைகளே அறிந்திருக்கும்.