இரும்புக்கை மாயாவி: ஆற்றலும் உட்கோளும்

படக்கதைகளை இலக்கிய ஆராய்ச்சிக்குரிய பொருளாகக் கொள்ளுதல் தகுமோ என்று வினவுவார் இன்றும் உளர். கதைமாந்தர் ஒருவர்தம் செயலுக்கு அவரது இயல்பு காரணமோ, புறத்தே நின்ற பிறிதொன்று காரணமோ என்னும் வினா எந்நூலில் எழுந்தாலும் ஆராய்தற்குரியதே. இரும்புக்கை மாயாவியின் கதையில் அவ்வினா கூர்மையாக எழுகின்றது. அதனை ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

சிவகாசியில் சௌந்தரபாண்டியன் அவர்கள் தொடங்கிய முத்து காமிக்ஸ் 1972-இல் வெளியிட்ட முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. இதன் மூலம், 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்னும் சிறுவர் வார இதழில் தொடங்கிய தொடர்கதையாகும். முதற்கண் கென் புல்மரும் பின்னர் டாம் டல்லியும் கதை எழுதினர். எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் வரைந்தார். கதைத்தலைவன் லூயி கிராண்டல், பேராசிரியர் பாரிஞ்சரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். விபத்தொன்றில் வலக்கையை இழந்து இரும்புக்கை பெற்றவன். பேரளவான மின்சாரம் உடலிற் பாய்ந்தபோது அவன் உருவம் முழுதும் மறைந்தது. இரும்புக்கை மட்டும் மறையவில்லை. அவ்வாற்றல் கிடைத்தவுடன் அவன் செய்தவை குற்றங்கள். பின்னரோ நல்லோர் பக்கம் சேர்ந்து நிழற்படை என்னும் உளவுப்படையின் வீரனானான். முன்னைக் குற்றங்களுக்குக் கதை கூறும் காரணம், மின்தாக்குதலால் அவன் மூளை நிலைதிரிந்தது என்பது.

மதுரைக்கு மேற்கே வையையை அடுத்த கோச்சடையில், எம் இளமைக் காலத்தில், இவ்விதழ்கள் பல கை மாறி அட்டையிழந்து வந்து சேரும். படித்த சிறுவரிடையே வழக்கொன்று ஓயாது நிகழும். 'மின்சாரம் கெடுத்தது, மாயாவி நல்லவன்' என்பார் ஒரு சாரார். 'உள்ளே இருந்த கள்ளன் வெளிவந்தான்' என்பார் மற்றொரு சாரார். யாம் முதற்கட்சியினேம். இன்று மீள நோக்குங்கால் அக்கட்சியை விட வேண்டியதாயிற்று. அதனால் மறுகட்சியிற் சேர்ந்துவிட்டோம் என்பதும் இல்லை.

முதற்கட்சியின் குறை கதையிலேயே உளது. மாயாவியின் ஆற்றல் நிலையானது அன்று; சிறிது பொழுதில் உருவம் மீளத் தோன்றிவிடும். மீண்டும் மறைய வேண்டின் மீண்டும் மின்சாரம் ஏற்றல் வேண்டும். எத்தனை சாகசங்களில் அவன் இரும்பு விரலை மின்வாயிற் செலுத்தி மறைகின்றான்! மின்சாரமே மனத்தைத் திரிப்பதாயின் ஒவ்வொரு முறையும் திரிந்திருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. முதல் தாக்குதல் பேரளவினது, ஏனையவை சிறியன என்று அமைதி கூறலாம். ஆயின், அளவு குறைந்தால் உருவம் மறையும், உள்ளம் மறையாது என்னும் நுண்ணிய விதியைப் படிப்போரே வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. அது மூலத்திற்கு உரை கூறுதல் ஆகாது. மூலத்தின் பிழைக்குப் பரிகாரம் தேடுதலேயாம்.

இத்தகைய பரிகாரம் நமக்குப் புதிதன்று. மதுரை எரியுண்ட பின் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு முன்தோன்றிக் கோவலனது பழம்பிறப்பை உரைக்கின்றது. கலிங்கத்தில் பரதனாயிருந்து வணிகன் சங்கமனைக் கொல்வித்த வினையே வந்து உறுத்தது என்பது அதன் கூற்று. நிகழ்ச்சி முடிந்தபின் கூறப்படும் காரணம் அது. கோவலன் கொலையுண்டதற்குப் பொற்கொல்லனது களவும் அதை மறைக்க அவன் செய்த சூழ்ச்சியும் போதும். வேந்தன் ஆராயாது ஏவியதும் உடன் நின்றது. இவை கதைக்குள்ளேயே உள்ள காரணங்கள். ஆயினும் நல்லான் ஒருவன் இவ்வாறு இறத்தலைக் கேட்போர் உள்ளம் பொறாது. அதனை ஆற்றவே பழவினை வருகின்றது. கிராண்டலின் மூளைத்திரிபும் இவ்வினத்ததே. இரண்டிற்கும் வேறுபாடு ஒன்று உண்டு: இளங்கோவடிகளிடம் பழவினை காப்பியம் முழுவதிலும் ஊடுருவி நிற்பது, படக்கதையிலோ மூளைத்திரிபு தேவை முடிந்தவுடன் மறக்கப்படுகின்றது.

இனி, மறுகட்சி. மறைந்தியங்கும் ஆற்றல் பெற்றவன் தன் உண்மை இயல்பைக் காட்டிவிடுவான் என்பது பழைய கொள்கை. பிளேட்டோவின் 'குடியரசு' இரண்டாம் பகுதியில் லிதிய நாட்டு இடையன் ஒருவனுக்கு மறைக்கும் மோதிரம் கிடைக்கின்றது. அவன் அரசனைக் கொன்று அரசைக் கவர்கின்றான். வெல்ஸ் 1897-இல் எழுதிய 'புலப்படா மனிதன்' புதினமும் இவ்வழியதே. எல்லா மாந்தரும் இவ்வாறே செய்வர் என்பது மோதிரக் கதையைச் சொல்வோன் கருத்து. நம் மணிமேகலை இதற்கு உடன்படாது. வேற்றுருக் கொள்ளுதல், வானிற் செல்லுதல், பசியொழித்தல் என்னும் மூன்றற்கும் மந்திரம் பெற்றவள் அவள். உதயகுமரனிடமிருந்து விலகுதற்கே காயசண்டிகை வடிவு கொண்டாள். உட்கோள் மாசற்றது. விளைவோ கொலை, தன் மனைவி அயலானோடு நின்றாள் எனப் பிறழ உணர்ந்த காஞ்சனன் வாளெடுத்து உதயகுமரனை வெட்டினான். எனவே உருமறைப்பு உள்ளத்தைத் திறந்துகாட்டும் திறவுகோல் என்பது பொருந்தாது. பிறர் ஒருவரை அறிதற்குரிய வாயிலை அடைத்துவிடுதலே அதன் தொழில். காஞ்சனன் பிழைத்தது அவ்வாயில் அடைபட்டமையால்.

இவ்விடத்தில் தொல்காப்பியர் துணை நிற்கின்றார். நகை முதலாக உவகை ஈறாக எண்வகை மெய்ப்பாடும் உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலைக் கூறுவன. மெய் இல்லையேல் மெய்ப்பாடு ஏது? கிராண்டல் மறைந்தவுடன் அவன் கண்ணும் புருவமும் வாயும் ஓவியரின் கையைவிட்டுப் போய்விடுகின்றன. எஞ்சுவது வெறுவெளியில் மிதக்கும் ஓர் இரும்புக்கை. பிளாஸ்கோவின் திறமை இங்கேதான். பற்றுதல், தயங்குதல், சுட்டுதல், விரல் மடங்கி முட்டியாதல் எனப் பல நிலைகளை அவ்வொரு கையிற் காட்டுகின்றார். ஆயினும் இரும்பு வியர்ப்பதில்லை, நடுங்குவதில்லை. பணப்பேழையை நோக்கி நீளும் கைக்கும் பகைவனது வெடிகுண்டை நோக்கி நீளும் கைக்கும் வரைவில் வேறுபாடு சிறிதும் இல்லை. செயல் தெரிகின்றது, கருத்துத் தெரியவில்லை. கருத்தை அறியச் சிறுவர் படத்தை விட்டு எழுத்துக்குப் போதல் வேண்டும். கோச்சடைச் சிறுவர் வழக்குத் தீராமைக்குக் காரணம் அவர்தம் அறியாமை அன்று. அக்கையே இருபொருள் பட வரையப்பட்டிருந்தது.

லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழில் புகழ்பெற்ற ஸ்பைடரை இதனோடு ஒப்பிடலாம். 1965-இல் தொடங்கிய அத்தொடரை டெட் கௌவன் படைத்தார். சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவரான ஜெர்ரி சீகல் பின்னர் எழுதினார். ஸ்பைடரும் முதலில் குற்றவாளிகளுக்கு அரசனாக விரும்பிப் பின் குற்றவாளிகளை வெல்பவனாக மாறினான். அவன் மாற்றத்திற்கு மூளைத்திரிபு வேண்டியதில்லை. ஏனையோரை வெல்லுதலே பெரும்புகழ் என்று கண்டான். அப்பெருமிதத்தை வாய்விட்டே கூறுவான். அவனிடம் ஆராய்தற்கு மறைபொருள் மிகுதியில்லை. யாம் விரும்பிப் படித்ததுண்டு, அது வேறு.

மாயாவியைத் திருத்தியது யாது? மின்சாரம் மாறவில்லை, கை மாறவில்லை. மாறியது சூழல் ஒன்றே. குற்றம் செய்த காலத்தில் அவன் செயலுக்கு விடை கேட்பார் ஒருவரும் இல்லை. நிழற்படையிற் சேர்ந்தபின் ஏவுவோரும் கணக்குக் கேட்போரும் உளர். வள்ளுவர் கூடாவொழுக்கத்தில் வஞ்சமனத்தானுக்கு உடம்பினுள்ளேயே ஐம்பூதங்களையும் சான்றாக வைத்தார். இக்கதை சான்றைப் புறத்தே வைக்கின்றது. மறையாத அக்கை ஆற்றலின் குறைபாடு போலத் தோன்றினும், அவனைப் பிறர் பிடித்தற்கும் அடையாளம் காண்டற்கும் உள்ள ஒரே வழி அதுவே. முழுதும் மறைந்திருப்பின் அவன் மோதிரம் பெற்ற இடையனாகவே முடிந்திருத்தல் கூடும். தன்னை முழுதும் ஒளித்துக்கொள்ள இயலாமையே அவன் நன்னெறிக்கு வாயிலாயிற்று என்பது எம் துணிபு. இஃது அவன் உள்ளத்திற்குப் பெருமை தருவதன்று என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். இளமையில் யாம் கொண்ட மாயாவி இவன் அல்லன்.

இத்துணிபுக்குத் தமிழ்ப்பெயரே ஒரு துணை. ஆங்கிலத் தலைப்பின் பொருள் எஃகு உகிர் என்பது. விலங்கின் உறுப்பை மட்டும் அது கூறும், ஆளைக் கூறாது. தமிழில் உகிர் கையாயிற்று. மாயாவி என்னும் ஆள் உடன் சேர்ந்தான். மாயாவி என்பதோ நம்மிடையே ஐயத்திற்குரிய சொல். இராமாயணத்தில் வாலியொடு பொருது பிலத்துட் புகுந்த அசுரன் பெயர் அது. ஒரு தலைப்பினுள் காணப்படும் உறுப்பும் காணப்படா ஆளும் ஒருங்கே நிற்கின்றன. அவ்வாளை நம்பலாமோ என்னும் ஐயமும் அச்சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது. கையைப் பார்த்து ஆளை அறிய முயன்ற சிறுவர் அட்டையிழந்த இதழ்களைப் படித்தனர். தலைப்பைப் படிக்கும் வாய்ப்பு அவர்க்குப் பெரும்பாலும் கிட்டவில்லை.