கரியை வைரத்தன்மைக்குக் கொண்டுசெல்லும் ஒளி

கிண்டியை ஒட்டி அமைந்துள்ள சென்னை ஐஐடியின் இயற்பியல் ஆய்வகங்களில் பயிலப்படும் நுட்பங்களுள், லேசர் துடிப்புகளால் மென்படலம் வளர்க்கும் முறை தனி அழகு வாய்ந்தது. 1965இல் ஸ்மித், டர்னர் ஆகியோர் செய்துகாட்டிய இம்முறை, 1987இல் வெங்கடேசன் குழுவினர் அமெரிக்காவில் மீகடத்திப் படலங்களை இதன்வழி உருவாக்கிய பின்னரே உலகெங்கும் பரவியது.

காற்று நீக்கப்பட்ட எஃகுக் கலத்தினுள் சுழலும் கிராஃபைட் கரி வில்லையின்மீது, 248 நானோமீட்டர் அலைநீளப் புறஊதா லேசர் ஒளி, ஏறத்தாழ 20 நானோநொடியே நீடிக்கும் துடிப்பாக விழும்போது, கரியின் மேற்பரப்பு பிளாஸ்மாவாக, அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்களின் திரளாக மாறி, தீக்கொழுந்துபோல் எதிரிலுள்ள சிலிக்கான் தகட்டை நோக்கிப் பாய்ந்து, அதன்மீது மென்படலமாகப் படிகிறது. விரலில் ஒட்டும் அளவுக்கு மென்மையான அதே கரி, ஓர் அணு நான்கு அணுக்களோடு பிணையும் வைரப் பிணைப்பை இங்கே பெருமளவு ஏற்று, கண்ணாடியைக் கீறும் கடினத்தை அடைவது உண்மையிலேயே வியப்புக்குரியது.

வெப்பமூட்டினால் படலம் மேம்படும் என்ற பொதுவான எதிர்பார்ப்பு இக்கரிப் படலத்துக்குப் பொருந்தாது. தகடு அறை வெப்பநிலையில் இருக்கும்போதே வைரத்தன்மை ஓங்குகிறது, சில நூறு டிகிரிக்குச் சூடேற்றினால் படலம் மீண்டும் கிராஃபைட்டின் இயல்புக்குத் திரும்புகிறது. வில்லை ஓரிடத்திலேயே குழிந்து, சிதறும் துணுக்குகள் படலத்தைக் கெடுக்காதிருக்க அதைச் சுழற்றிக்கொண்டேயிருக்க வேண்டும். தடிமன் மிகுந்தால் உள்ளழுத்தம் தாளாது படலம் உரிந்துவிடுமாதலால், எப்போது நிறுத்துவது என்பதிலேதான் ஆய்வாளரின் கைத்தேர்ச்சி வெளிப்படுகிறது.