ஏழா, இருபத்தெட்டா?

'மெர்சல்' ஞாபகம் இருக்கிறதா? 2017 தீபாவளிக்கு வந்த படம். சிங்கப்பூரில் 7 சதவிகித ஜி.எஸ்.டி., வைத்தியம் இலவசம். இங்கே 28 வாங்கியும் அது இல்லையே என்கிற தினுசில் விஜய் கேட்க, விசில் பறந்தது. பி.ஜே.பி. அந்த வசனத்தை வெட்டச் சொன்னது. படத்துக்கு ஓசி விளம்பரம்!

வெட்டச் சொன்னது அபத்தம். ஆனால், வசனத்தின் கணக்கும் தப்புதான். சிங்கப்பூரில் வைத்தியம் இலவசம் இல்லை. 'மெடிசேவ்' என்று சம்பளத்திலேயே 8 முதல் 10.5 சதவிகிதம் வரை பிடித்துவைக்கிறார்கள். அந்த 7 கூட 2024-ல் 9 ஆகிவிட்டது. நம் ஊரில் 28 போட்டது கார், ஏ.சி. மாதிரி அயிட்டங்களுக்கு. மருந்துக்குப் பெரும்பாலும் 12. அதுவும் 2025 செப்டம்பரில் 5-க்கு இறங்கிவிட்டது. டாக்டர் பார்க்கிற வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி-யே கிடையாது.

'சினிமாவுக்கு எதுக்கு சார் ஆடிட்டிங்?' என்பீர்கள். பி.காம். படித்த புத்தி, விடமாட்டேன் என்கிறது! விஷயம் அதுவல்ல. படத்தின் கேள்வி நியாயமானது: 'என் காசு எங்கே போச்சு?' ஆனால், தியேட்டரை விட்டு வெளியே வந்த பையன் மனசில் தங்கியது வேறு: 'ஒண்ணும் செய்யாத கவர்ன்மென்ட்டுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்?'

திண்டுக்கல் காலேஜ் பசங்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 'வேலைக்குப் போனா பாத்துக்கலாம் சார்' என்பார்கள். தம்பி, நீ ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறாய்! 299 ரூபாய் ரீசார்ஜில் 45 ரூபாய் சொச்சம் வரி. 200 ரூபாய் பிரியாணிக்கு 5 சதவிகிதம் போட்டால் 10 ரூபாய். ஐந்து டெல்லிக்கு, ஐந்து சென்னைக்கு. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. ஆக, நாளைக்கு நீ சம்பாதிக்கப்போகும் முதல் சம்பளத்தில் அநேகமாக அந்த வரி வராது. பிரியாணி வரி மட்டும் விடாது.

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் திறந்தார்களே, அதைக் கட்டியதும் இப்படிச் சேர்ந்த காசில்தான். அங்கே டாக்டர் போதவில்லையா? மாத்திரை இல்லையா? கேட்க உனக்கு உரிமை இருக்கிறது, அந்த 45 ரூபாயைக் கொடுத்தவன் என்பதால்.

'பில் வேணாம்னா கொறைச்சுக்கலாம்' என்று கடைக்காரர் சொல்லும்போது தலையாட்டுகிறோமே... அங்கேதான் அந்த உரிமையை விற்கிறோம். இதற்கு ஒரு வசனம் எழுதியிருக்கலாம், அட்லி!